ஆம்பலைப் படமெடுக்கும் முறை

தோட்டக் குளத்து ஆம்பலைப் படமெடுக்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது அது மலரும் நேரம். வெள்ளாம்பல் பொதுவாக இரவில் விரிந்து முற்பகலில் குவியும். நீலாம்பல் காலையில் விரிந்து பிற்பகலில் குவியும்.

கருநீரின் நடுவே வெண்மலர் இருப்பின், கேமரா இருளையே பெரிதும் அளந்து ஒளியை மிகுதியாக ஏற்கும். வெளுத்துப்போன இதழ்களின் நுண்வரிகளைப் பின்னர் மீட்க இயலாது. எனவே, ஒளியேற்பை ஒரு படி குறைத்து வையுங்கள்.

நீரின் பளபளப்பைத் தணிக்கப் போலரைசர் வடிகட்டியைப் பொருத்தி, நீர்ப்பரப்புக்கு ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் நோக்கி, மெல்லச் சுழற்றுங்கள். நேர் மேலிருந்து நோக்கினால் அதனால் பயனில்லை. வடிகட்டி ஒளியையும் குறைப்பதால் முக்காலி உதவும்.

மூன்று நான்கு நாள்களில் மலர் நீருள் அமிழ்ந்துவிடும். இன்று விரிந்ததை இன்றே எடுங்கள்.