வீட்டுக்குப் பெரிய டிக்‌ஷனரியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுக் கடைக்குப் போ!

தங்கச்சி, கடைக்குப் போனதும் தடிமனைப் பார்த்து மயங்காதே. வீட்டுல அதை யார் புரட்டப் போறாங்கன்னு முதல்ல யோசி.

✦ பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு: ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. ஆங்கிலத்தைப் படிச்சுக் கத்துக்கிறவங்களுக்குன்னே ஹார்ன்பி ஆரம்பிச்சு வெச்சது. எளிய விளக்கம், எடுத்துக்காட்டு வாக்கியம், எந்த வினையோட எந்த ப்ரெப்போசிஷன் வரும்ங்கிறது எல்லாம் இருக்கும். லாங்மேனும் இதே ரகம்தான்.

✦ நாவல், பேப்பர் படிக்கிற பெரியவங்களுக்கு: ஒரே வால்யூம்ல வர்ற ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரி ஆஃப் இங்கிலீஷ் அல்லது காலின்ஸ் போதும். குறுக்கெழுத்துப் பைத்தியம் யாராவது இருந்தா சேம்பர்ஸ். சொல்லோட பழைய வரலாறும் வேணும்னா 2 வால்யூம் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு. 1989-ல வந்த 20 வால்யூம் ஆக்ஸ்ஃபோர்டை லைப்ரரியில போய்ப் பார்த்துக்கலாம்.

✦ அர்த்த வரிசையைக் கவனி: ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டும் மெரியம்-வெப்ஸ்டரும் பழைய அர்த்தத்தைத்தான் முதல்ல போடும். ‘நைஸ்’னு தேடினா, இன்னிக்கு யாரும் சொல்லாத அர்த்தம் முதல்ல நிக்கும். பிள்ளை முதல் வரியை மட்டும் பார்த்து ஹோம்வொர்க்ல எழுதிட்டா மார்க் போச்சு!

✦ ‘வெப்ஸ்டர்’னு இருந்தா உடனே எடுக்காதே: அமெரிக்காவுல அந்தப் பேரை எந்தப் பதிப்பாளரும் போட்டுக்கலாம். ‘மெரியம்-வெப்ஸ்டர்’னு முழுசா இருக்கான்னு பாரு. அதுலயும் அமெரிக்க ஸ்பெல்லிங்தான் முன்னால நிக்கும். நம்ம பாடப்புத்தகம் பிரிட்டிஷ் வழி.

✦ பதிப்பு வேற, மறுஅச்சு வேற: தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பாரு. போன வருஷ அச்சா இருந்தாலும் பதிப்பு ரொம்பப் பழசா இருக்கலாம்.

✦ பைண்டிங்: நடுப்பக்கத்தை விரிச்சு, முதுகை மேலிருந்து பாரு. தாள் மடிப்பு மடிப்பா, நூல் தைச்சிருந்தா பல வருஷம் தாங்கும். வெறும் பசை மட்டும்னா பக்கம் பக்கமா கழண்டு வரும்.

✦ எழுத்து: வீட்டுல வயசானவங்க இருந்தா, அவங்க கண்ணாடியைப் போட்டுக் கடையிலேயே ஒரு பத்தி படிக்கச் சொல்லு. 1991-ல ஆக்ஸ்ஃபோர்டோட 20 வால்யூமை ஒண்ணாச் சுருக்கினப்போ, ஒரே பக்கத்துல 9 பக்கத்தை அடைச்சு, கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் கொடுத்தாங்க!

✦ வைக்கிற விதம்: கனமான புத்தகத்தை நிறுத்தி வெச்சா உள்தாள் தொங்கி அட்டை விட்டுப் போகும். படுக்க வை. பிள்ளைங்க படிக்கிற மேஜை மேலயே இருக்கட்டும். பீரோவுல பூட்டினா கரையானுக்குத்தான் லாபம்.

பட்ஜெட் ஒண்ணுக்குத்தான் இருக்கா? லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைப் புதுசா வாங்கு. பெரிசைப் பழைய புத்தகக் கடையில தேடு. பக்கம் எதுவும் விடுபடாம இருக்கான்னு பார்த்து எடுத்தா, இருபது வருஷப் பழசும் வீட்டுக்குத் தாராளமா உழைக்கும்.