பிள்ளை இன்னும் பேசலையா? காத்திருக்காதீர்கள்

"ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்." சிரம்பான் ரஹாங் பக்கம் தோட்டத்துக் குடும்பங்களில் பாட்டிமார் ஆறுதலாகச் சொல்லும் வார்த்தை இது. அதை நம்பி ஒரு வருடத்தைக் கடத்திவிடாதீர்கள்.

இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? பேசிய சொற்களையே விட்டுவிட்டதா? உடனே பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை மறக்காதீர்கள். சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தேவையா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

முதலில் காதுப் பரிசோதனை. கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளைக்கும் இது அவசியம். மெல்லிய ஓசைகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம்.

கிளினிக்குக்குப் போகும் நாள் வரை, பிள்ளை சொல்லும் சொற்களை எல்லாம் எழுதி வையுங்கள். "அம்மா, சூசூ" என்று தமிழும் மலாயும் கலந்து பால் கேட்டாலும் அது இரண்டு சொல்தான். வீட்டில் விளையாடும்போது கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம் பிடியுங்கள். புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காமல் போகலாம்.

தமிழ் பேசுவதால் பேச்சு தாமதமாகாது. வீட்டில் தமிழை நிறுத்தும்படி யாராவது சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.