பழைய ஃபைபர் படகின் மேல்தளச் சாமான்களைச் சீர்செய்ய 12 குறிப்புகள்

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளுக்கு வந்த ஃபைபர் படகுகளில் இன்றும் கடலுக்குப் போய்வருபவை பல. ஃபைபர் லேசில் மக்காது. அதன் நடுவே வைத்து ஒட்டிய பிளைவுட்தான் மக்கும். கயிறு கட்டும் கட்டை, டிராக்டரில் கோத்து இழுக்கும் வளையம், மீன் பெட்டி மூடியின் கீல் என ஒவ்வொன்றுக்கும் போட்ட போல்ட் துளை வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. புதுச் சாமான் வாங்கினால் மட்டும் போதாது. துளையைச் சரியாகச் செய்தால்தான் படகு நிற்கும்.

1. காலம் பார்த்துத் தொடங்குங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைப் பழுதுபார்த்துக்கொள்கிறார்கள். ஃபைபர் படகுக்கு அந்த ஓய்வு கிடையாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நாள் ஒதுக்கிவிடுங்கள். ஈரம் காயாமல் செய்த வேலை நிலைக்காது.

2. தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சாமானைச் சுற்றியும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். ‘டக் டக்’ என்று கேட்டால் தளம் திடமாக இருக்கிறது. ‘தொப்’ என்று அமுங்கிக் கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அந்த வட்டத்தை வைத்துத்தான் வேலையின் அளவைச் சொல்ல முடியும்.

3. விரிசலை மறைக்காதீர்கள். வளையத்தைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிசல் ஓடினால், இழுவையைத் தாங்க அடியில் போதிய பிடிமானம் இல்லை என்று பொருள். மேலே பூச்சு மட்டும் பூசினால் அதே இடத்தில் மறுபடி விரியும். முதலில் அடிப்பலகை, பிறகு பூச்சு.

4. நெம்பாதீர்கள். நட்டைக் கழற்றிய பிறகும் சாமான் ஒட்டிக்கொண்டிருந்தால் கடப்பாரை வைக்க வேண்டாம். தளத்தின் மேல் தோல் பிய்ந்து வந்துவிடும். தடித்த நைலான் நரம்பை அடியில் விட்டு, இரு கையாலும் ரம்பம்போல் இழுத்து அறுத்தால் பழைய பசை விட்டுவிடும்.

5. போல்டின் நடுப்பகுதியைப் பாருங்கள். தலையும் முனையும் பளபளவென்று இருக்கும். தளத்துக்குள் புதைந்திருந்த பகுதியில் மட்டும் பழுப்பு வளையமும், ஊசி குத்தியதுபோன்ற சிறு குழிகளும் தெரியும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) துருப்பிடிக்காமலிருக்கக் காற்று வேண்டும். காற்றில்லாத உப்பு ஈரத்தில் அதுவும் அரிக்கும். குழி விழுந்த போல்டைத் திரும்பப் போடாதீர்கள். புதிதாக வாங்கும்போது 304-ஐவிட 316 ரகம் கேளுங்கள். மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும்.

6. துளைக்குள் ஈரம் இருக்கிறதா? முனை வளைத்த ஆணியைத் துளைக்குள் விட்டுச் சுரண்டுங்கள். உலர்ந்த மரத்தூள் வந்தால் நல்லது. பழுப்பாகப் பிசுபிசுவென்று வந்தால், கெட்ட மரம் முழுவதும் வரும்வரை சுரண்டி எடுங்கள். பிறகு மழை படாமல் காயவிடுங்கள். மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், அவசரப்படக் கூடாது.

7. துளையை எபாக்ஸியால் அடைத்து மறுபடி போடுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இதுதான். பழைய துளையைப் பெரிதாக்கி, அடியில் டேப் ஒட்டுங்கள். முதலில் நீர்த்த எபாக்ஸியை ஊற்றி மரம் குடிக்கவிடுங்கள். அடுத்து சிலிக்கா பவுடர் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்புங்கள். ஆழமான துளையென்றால் இரண்டு மூன்று தடவையாக நிரப்புங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறிப் புகையும். நன்றாக இறுகிய பிறகு, அந்த எபாக்ஸியின் நடுவில் போல்ட் அளவுக்குத் துளை போடுங்கள். இனி எந்தக் காலத்தில் கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

8. பெரிய இடம் மக்கியிருந்தால் மேல் தோலை வெட்டியெடுத்து உள்மரத்தை மாற்ற வேண்டும். மீண்டும் ஃபைபர் போடும்போது, பழைய ஃபைபரின் விளிம்பை அதன் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து ஒட்டுங்கள். இன்ஜின் மாட்டும் பின்பலகை மக்கியிருந்தால் அனுபவமுள்ள படகுப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

9. ரெசினில் அளவும் கவனமும் வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் 100 கிராமுக்கு ஹார்டனர் 1 முதல் 2 கிராம் போதும். நம் வெயிலுக்கு 1 கிராமை ஒட்டியே வையுங்கள். காலை வேளையில், நிழலில் வேலை செய்யுங்கள். ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். ஃபைபரைத் தேய்க்கும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

10. அடியில் பலகை கொடுங்கள். வெறும் சிறு வாஷர் இழுவையில் தளத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். சாமானின் அடியைவிடப் பெரிதான எஸ்.எஸ். தகடோ, கனமான ஃபைபர் துண்டோ வையுங்கள். மூலைகளை உருட்டித் தேய்த்துவிடுங்கள். கூர்மூலைதான் விரிசலுக்குத் தொடக்கம். நைலான் வளையம் உள்ள லாக் நட்டுப் போட்டால் இன்ஜின் அதிர்வில் தளராது. அலுமினியச் சாமானுக்கு எஸ்.எஸ். போல்ட் போடும்போது இடையில் நைலான் வாஷர் கொடுங்கள். இரண்டும் உப்பு ஈரத்தில் நேராக உரசினால் அலுமினியம் கரையும்.

11. சீலண்டைத் தெரிந்து பூசுங்கள். பின்னால் கழற்ற வேண்டிய சாமானுக்குப் பியூட்டைல் டேப் நல்லது. பலமாகப் பிடிக்க வேண்டிய இடத்துக்குப் படகுக்கான பாலியூரித்தேன் சீலண்ட் வாங்குங்கள். சிலிகான் வேண்டாம், அதன் மிச்சம் ஒட்டிய இடத்தில் பிறகு பெயின்டும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. துளையின் வாயைச் சற்றே சரிவாகக் குடைந்துவிட்டால் போல்டின் கழுத்தைச் சுற்றி சீலண்ட் வளையமாகத் தங்கும். தண்ணீரைத் தடுப்பது அந்த வளையம்தான்.

12. நட்டை மட்டும் திருகுங்கள். மேலே ஒருவர் போல்ட் தலையை அசையாமல் பிடிக்க, கீழே இன்னொருவர் நட்டை முறுக்க வேண்டும். போல்ட் சுழன்றால் சீலண்ட் கிழியும். நாலாபுறமும் சீலண்ட் சமமாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். முழுவதையும் பிழிந்து வெளியேற்றிவிடாதீர்கள். அது இறுகியதும் வாளியால் தண்ணீர் ஊற்றி, அடியில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் சோம்பல்படாமல் அன்றே கழற்றி மறுபடி பூசுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா நட்டையும் இதேபோல் சோதித்துவந்தால், பழைய படகையும் நம்பிக் கடலுக்குப் போகலாம்.