பாடம் 9: மழையைச் சுமக்கும் ஆறு

பிள்ளைகளே, பொலிதேயாமாவிலிருந்து தென்கிழக்குப் பக்கம் போனால், கோர்சோ தேய் மில்லே தெருவில் ஒரு பழைய கல் பாலம் இருக்கிறது. அதன் பெயர் அம்மிராலியோ பாலம். கீழே எட்டிப் பாருங்கோ. ஆறு இல்லை, புல்தான் இருக்கு! 12ஆம் நூற்றாண்டில் ஒரேத்தோ ஆற்றைக் கடக்க இதைக் கட்டினார்கள். 1938இல் ஆற்றை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். பாலம் மட்டும் அங்கேயே நிற்கிறது.

ஒரேத்தோ சின்ன ஆறு. நீளம் சுமார் 20 கிலோமீட்டர். பலெர்மோவைச் சுற்றியுள்ள மலைகளில் தொடங்கித் திர்ரேனியக் கடலில் முடிகிறது. கோடையில் இங்கே மழை மிகக் குறைவு. அதனால் ஆறும் மெலிந்துவிடும்.

இனி ஒரு பெரிய ஆற்றைப் பார்ப்போம். அதுதான் மகாவலி கங்கை. மாவலி கங்கை என்றும் சொல்வார்கள். இலங்கையின் மிக நீளமான ஆறு இது. நீளம் 335 கிலோமீட்டர்.

மலையில்

மகாவலியின் நீர் இலங்கையின் நடுவில் உள்ள மலைநாட்டில் ஊறுகிறது. அங்கே சில மலைகள் 2,000 மீட்டருக்கும் உயரம். வெப்ப நாடுதான், ஆனால் அங்கே குளிரும்!

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அது கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுவரும். மலை குறுக்கே நிற்கும். காற்று என்ன செய்யும்? மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும். ஈரம் மேகமாகி, மழையாகக் கொட்டும். மலையைத் தாண்டும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடும். அதனால் தென்மேற்குப் பக்கம் ஈர வலயம். வடக்கும் கிழக்கும் உலர் வலயம். உலர் வலயத்தில் பல மாதங்கள் மழை மிகக் குறைவு.

மகாவலி ஈர வலயத்தில் தொடங்குகிறது. உலர் வலயத்தில் முடிகிறது. மலையில் பெய்த மழையை, மழை இல்லாத ஊருக்குச் சுமந்துகொண்டு போகிறது!

சமவெளியில்

ஆறு கண்டி நகரைச் சுற்றி வளைந்து கிழக்கே திரும்பும். வழியில் விக்டோரியா அணை இருக்கிறது. உயரம் 122 மீட்டர். அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். பிறகு ஆறு சமவெளியில் இறங்கி, மெதுவாக வடக்கே போகும். கடைசியில் மூதூருக்குப் பக்கத்தில், கொட்டியாரக்குடாவில் கடலோடு சேரும். வெருகல் ஆறு என்ற கிளை தனியாகப் பிரிந்து கடலுக்குப் போகும்.

யாருக்கு எவ்வளவு?

1976 முதல், கண்டிக்குப் பக்கத்தில் உள்ள பொல்கொல்லையிலிருந்து ஒரு பகுதி நீரைச் சுரங்க வழியாக வடக்கே அனுப்புகிறார்கள். அங்குள்ள வயல்களில் நெல் விளைகிறது. நல்லதுதானே? ஆனால் மேலே எடுத்தால் கீழே குறையும். கழிமுகத்தில் ஆற்று நீர் குறைந்தால், கடலின் உப்பு நீர் ஆற்றுக்குள் ஏறும். உப்பு நீர் நெல்லுக்கு ஆகாது. அதனால் ஆற்று நீரைப் பங்கிடும்போது, கடைசியில் இருப்பவரையும் நினைக்கவேணும்.

புதிய சொற்கள்

கழிமுகம் – ஆறு கடலோடு சேரும் இடம்
வலயம் – ஒரே மாதிரியான பகுதி
அணை – நீரைத் தடுத்து வைக்கும் பெரிய சுவர்

பேசும்போது – எழுதும்போது

தண்ணி – தண்ணீர்
இருக்கு – இருக்கிறது
வேணும் – வேண்டும்

பயிற்சி

1. மலையைத் தாண்டிய காற்று ஏன் குறைவாக மழை தருகிறது?
2. நீங்கள் மூதூரில் நெல் விதைக்கிறீர்கள். கண்டியில் இருப்பவருக்கு என்ன சொல்வீர்கள்? மூன்று வசனம் எழுதுங்கள்.
3. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. அங்கே தண்ணீர் எங்கிருந்து வந்தது? அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டு, வகுப்பில் சொல்லுங்கள்.