அடிக்கும் அடிக்கும் இடையே

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை அடிக்க இரண்டு வினாடி போதும். பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிக்கவோ ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். இடைப்பட்ட நேரத்தில் பெரும்பகுதி நடைதான். மன அழுத்தம் ஆட்டக்காரரைப் பிடித்துக்கொள்வதும் அந்த நடையில்தான்.

2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் அகஸ்டா திடலில் மாஸ்டர்ஸ் போட்டி நடைபெற்றது. குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். வட அயர்லாந்தைச் சேர்ந்த 21 வயது ரோரி மெக்கில்ராய், நான்கு அடிகள் முன்னிலையில் இறுதி நாளைத் தொடங்கினார். பத்தாவது குழிக்கு அவர் அடித்த முதல் பந்து மரத்தில் பட்டு, விடுதிகளுக்கிடையே விழுந்தது. நான்கு அடிகளில் முடிய வேண்டிய குழி ஏழு அடிகளை விழுங்கியது. தவறு அக்குழியோடு நிற்கவில்லை. அவருடன் அடுத்தடுத்த குழிகளுக்கும் நடந்து சென்றது. அன்று அவர் அடித்தவை 80. வெற்றி கைநழுவியது.

2025இல் அதே திடல், அதே இறுதி நாள். மீண்டும் முன்னிலையில் இருந்த மெக்கில்ராய், வெற்றியைத் தந்திருக்கக்கூடிய கடைசித் தட்டலைத் தவறவிட்டார். இங்கிலாந்தின் ஜஸ்டின் ரோஸுடன் சமநிலை! பதினெட்டாவது குழியை மறுபடியும் ஆட வேண்டும். தொடக்க இடத்திற்குத் திரும்பும் வழியில், அவருடைய பந்துமட்டைகளைச் சுமப்பவரும் இளமைக்கால நண்பருமான ஹேரி டயமண்ட், திங்கட்கிழமையே இப்படியொரு வாய்ப்புக் கிடைத்திருந்தால் நாம் மகிழ்ச்சியோடு ஏற்றிருப்போமே என்றார். மிகச் சாதாரணமான பேச்சுதான். ஆயினும், தவறிய தட்டலில் சிக்கிக் கிடந்த மனத்தை அது விடுவித்தது. நான்கு அடிகளுக்குரிய அக்குழியை மெக்கில்ராய் மூன்றே அடிகளில் முடித்துப் புல்தரையில் மண்டியிட்டார்.