கடல் கடந்த பயிற்சியாளர்

கம்மாபுரத்தை அடுத்த நெய்வேலியின் நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி நெடுங்காலம் மறைந்து கிடந்தது. மண்ணுள் மறைந்த வளத்தைக் கண்டெடுப்பார் போல, மாந்தருள் மறைந்த ஆற்றலைக் கண்டெடுப்பாரும் உளர். அத்தகையோருள் ஒருவர் பாப் ஹௌட்டன்.

இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டு பிறந்த இவர், 1974-இல் சுவீடன் நாட்டு மால்மோ கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளரானார். அப்பொழுது இவருக்கு வயது 26. நாடு புதிது; மொழியும் புதிது. எதிராளியை ஆளுக்கு ஆள் தொடர்ந்து தடுப்பதே அங்கு வழக்கமாயிருந்தது. இவரோ, ஒவ்வொருவரும் தத்தம் பகுதியைக் காத்து, அனைவரும் ஓரணியாய் நகர்தல் வேண்டும் எனப் பயிற்றினார். இயந்திரத்தனமான ஆட்டம் எனச் சிலர் பழித்தனர். இவர் மனந்தளரவில்லை. 1974, 1975, 1977 ஆகிய ஆண்டுகளில் மால்மோ நாட்டு வாகை சூடிற்று.

1979 மே 30 அன்று மியூனிக் நகரில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் நடைபெற்றது. எதிர்த்து நின்றது இங்கிலாந்தின் நாட்டிங்காம் பாரஸ்ட் அணி. தம் தாய்நாட்டு அணியிடமே ஒரு கோல் வேறுபாட்டில் மால்மோ தோற்றதை இவர் கண்டார். எனினும், சுவீடன் நாட்டுக் கழகம் வேறெதுவும் அவ்விறுதியை இன்றுவரை எட்டியதில்லை.

பின்னர் 2006 முதல் 2011 வரை இவர் இந்திய அணியைப் பயிற்றினார். 2007, 2009 ஆகிய ஆண்டுகளில் நேரு கோப்பையும், 2008-இல் ஆசிய சவால் கோப்பையும் நமக்குக் கிட்டின. 1984-க்குப் பின், 2011-இல் இந்தியா மீண்டும் ஆசியக் கோப்பையில் ஆடிற்று. மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஆயினும், 27 ஆண்டுகள் அடைபட்டிருந்த வாயில் திறந்தது.

மாணவர்களே! வென்றவரை மட்டுமன்றி, வழி திறந்தவரையும் போற்றுவோமாக.