சுவருக்குப் படம் எப்போது வந்தது?

கேள்வி: தாத்தா காலத்து லட்சுமி படம் ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் முன்பக்கம் சாய்ந்தபடி தொங்குகிறது. வீட்டில் படம் மாட்டும் வழக்கம் எப்போது தொடங்கியது? ஏன் இப்படிச் சாய்த்து மாட்டினார்கள்?
(ஒரு வாசகர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்)

பதில்: சுவரில் வரைவது நமக்கு மிகப் பழைய பழக்கம். நெடுநல்வாடையின் அரண்மனைச் சுவரில் பூங்கொடி வரையப்பட்டிருக்கிறது. பரிபாடல் காட்டும் திருப்பரங்குன்றத்தில், ஓவியங்களைச் சுட்டிக்காட்டி 'இது யார், அது யார்' என்று கேட்டபடி மக்கள் நடக்கிறார்கள். உங்கள் மாவட்டத்திலேயே அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். மண்டப விதானத்தில் இராமாயணமும் பாரதமும் வண்ணத்தில் விரிகின்றன. ஆனால் இவை எதையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. குடியானவர் வீட்டு மண்சுவருக்கு வாய்த்ததெல்லாம் சுண்ணாம்பும் காவிப் பட்டையும் ஒரு விளக்கு மாடமும்தான்.

இதை மாற்றியது அச்சு. 1796-இல் ஜெர்மனியில் செனஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். பின்னாளில் நிறத்துக்கு ஒரு கல் என்று வைத்து, ஒரே தாளில் மாற்றி மாற்றி அழுத்தி வண்ணப்படம் எடுத்தார்கள். 1894-இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியதும், அரண்மனைக்கு வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாமானியர் வாங்கும் விலைக்கு வந்தார்கள்.

இதன் அருமையை நாம் போதுமான அளவு பேசியதில்லை என்பது என் எண்ணம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் காந்தியவாதி வைத்தியநாத ஐயருடன் நுழைந்தது 1939-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அச்சுப்படம், யாரிடமும் அனுமதி கேட்காமல், கருவறைத் தெய்வத்தின் முகத்தை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. கண்ணாடிமேல் தம் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். இது சிறிய விஷயமல்ல.

அடுத்த அலை சிவகாசியிலிருந்து வந்தது. தீப்பெட்டி லேபிள் அச்சடித்துத் தேர்ந்த ஊர் காலண்டருக்கு வந்தது. அதற்கு முருகனையும் மீனாட்சியையும் வரைந்து தந்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டி கொண்டைய ராஜு (1898–1976). நாடகத் திரைச்சீலை எழுதிய கை அது. வண்ணமும் நகையும் நிறைந்து பொங்கும். படத்தை மொத்தமாக அச்சிட்டு, கடையின் பெயரைப் பிறகு சேர்த்துவிடுவார்கள். உரக்கடையிலும் நகைக்கடையிலும் இலவசமாக வாங்கிய காலண்டரில், ஆண்டு முடிந்ததும் தகரப் பட்டையைப் பிரித்துவிட்டுச் சாமியை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். நம் வீடுகளில் படம் பெருகியது இப்படித்தான்.

சாய்வுக்கு வருவோம். அன்று நாம் தரையில் உட்கார்ந்து வாழ்ந்தவர்கள். படமோ கை படாத உயரத்தில் இருந்தது. மேல்விளிம்பைக் கயிற்றில் தொங்கவிட்டு முன்னுக்குச் சாய்த்தால் கீழே இருப்பவருக்கு முகம் நேராகத் தெரியும், கண்ணாடியில் வாசல் வெளிச்சமும் கூசாது.

உங்கள் படத்தின் கீழ் ஓரத்தில் ஆங்கிலத்தில் 'ரவிவர்மா பிரஸ், கார்லா–லோனாவ்லா' (அச்சகம் பின்னாளில் மாறிய இடம்) என்று பொடி எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், பழுப்பேறிய பின்அட்டையை மட்டும் மாற்றுங்கள். சாரல் படும் சுவரில் மாட்டாதீர்கள். படத்தைப் புது அட்டையில் பசை தடவி ஒட்டவே வேண்டாம்.